கல்லில் நிலைத்த பெயர்

போரில் வீழ்ந்த வீரனின் பெயரையும் பீடையும் கல்லில் பொறித்து நட்டு வழிபடுவது பழந்தமிழர் மரபு. நடுகல் எழுப்பும் முறையைத் தொல்காப்பியம் கூறுகிறது.

நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில், 1758இல் தோன்றிய மெட்ராஸ் படைப்பிரிவின் போர் நினைவுச்சின்னம் உள்ளது. ஆயினும், விடுதலைக்குப்பின் உயிர்நீத்த முப்படை வீரர் அனைவரின் பெயரையும் தாங்கிய தேசிய நினைவிடம் நெடுங்காலம் இல்லை. தில்லி இந்தியா கேட்டில் உள்ளவை ஆங்கிலேயர் ஆட்சிக்காலப் போர்களில் மடிந்தோரின் பெயர்களே.

அக்குறை நீங்க, இந்தியா கேட்டின் அருகில் தேசியப் போர் நினைவுச்சின்னம் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரகாசன் வடிவமைத்த இது, ஒரே மையங்கொண்ட நான்கு வட்டங்களால் ஆனது. அவற்றுள் 'தியாகச் சக்கரம்' எனும் வட்டச் சுவர்களின் கருங்கற்களில் 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவருக்கு ஒரு கல்; அதில் அவர்தம் பெயர். நடுகல்லின் நோக்கமும் அதுவே.