வெயில் மண்ணிலும் வைட்டமின் டி குறைபாடு: நீரிழிவும் தைராய்டும்

ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் புதுக்கோட்டை போன்ற மாவட்டத்திலும் வைட்டமின் டி குறைபாடு ஏற்படக்கூடும். ஏனெனில் சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் தோலில் நேரடியாகப் பட்டால்தான் அச்சத்து உருவாகும் என்பதோடு, கருநிறத் தோலிலுள்ள மெலனின் என்னும் நிறமி அக்கதிரை வடிகட்டிவிடுவதால் கூடுதல் நேரமும் தேவைப்படுகிறது. இரத்தத்தில் இதன் அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழிறங்குவது பொதுவாகக் குறைபாடாகக் கொள்ளப்படுகிறது.

இன்சுலினைச் சுரக்கும் கணையச் செல்களிலும் நோயெதிர்ப்புச் செல்களிலும் இச்சத்தை ஏற்கும் புரதங்கள் இருப்பதால், நீரிழிவோடும் தைராய்டு நோயோடும் இதற்குள்ள தொடர்பு ஆராயப்பட்டு வருகிறது. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தைத் தாக்குவதால் வரும் முதல் வகை நீரிழிவு உள்ளோரிடம், அதே முறையில் தைராய்டு சுரப்பி சிதையும் ஹாஷிமோட்டோ நோயும் மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. தைராய்டு மிகையாகச் சுரந்தால் இரத்தச் சர்க்கரை ஏறும். குறைவாகச் சுரந்தால் கெட்ட கொழுப்பு கூடுவதோடு, இன்சுலின் உடலிலிருந்து மெதுவாக நீங்குவதால் சர்க்கரை திடீரெனத் தாழவும் கூடும்.

எனினும், தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 2,423 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 4,000 அலகு வைட்டமின் டி கொடுத்தும் நீரிழிவு குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கப்படவில்லை. ஆகவே வைட்டமின் டியை மட்டும் நம்பியிராமல், காரணமின்றி எடை கூடுதல், சோர்வு போன்ற அறிகுறிகள் உள்ள நீரிழிவாளர்கள் மருத்துவர் அறிவுரைப்படி தைராய்டின் செயல்பாட்டைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும், வெறும் வயிற்றில் உண்ணும் தைராய்டு மாத்திரைக்கும் வைட்டமின் டியோடு சேர்த்து உண்ணும் கால்சியம் மாத்திரைக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி விடுவதும் பயன் தரும்.