தைலமரக் காட்டின் தாவர அடுக்குகள்

யூகலிப்டஸ் மரங்கள் இயற்கையாக வளரும் வெப்பமண்டலத் திறந்தவெளிக்காடு வட ஆஸ்திரேலியாவில் உள்ளது. தமிழ்நாட்டில் இம்மரம் தைலமரம் என்றும், நீலகிரித் தைலம் விற்ற நிறுவனத்தின் பெயரால் ஆர்.எஸ்.பதி மரம் என்றும் அழைக்கப்படுகிறது. திருவள்ளூர், சித்தூர் மாவட்டங்களில் இருப்பவை தைலமரத் தோப்புகளே. அவற்றைக் காடு என்பது பொருந்தாது. இதைத் தாவர அடுக்குகளைக் கொண்டு அறியலாம்.

தாயகத்தில்

டார்வின் நகரைச் சுற்றிய காடுகளில் யூகலிப்டஸ் மினியேட்டா, யூகலிப்டஸ் டெட்ரோடோண்டா ஆகிய இரண்டும் மேல் அடுக்கில் நிற்கின்றன. மரங்களுக்கிடையே இடைவெளி மிகுதி. வெயில் தரைவரை இறங்கும். எனவே நடு அடுக்கில் குட்டையான விசிறிப் பனைகளும், கோடையில் இலையுதிர்க்கும் சைகஸ் செடிகளும், தாழையின் உறவினமும், கடுக்காய், தான்றி இனத்தைச் சேர்ந்த ககாடு பிளமும் வளர்கின்றன. தரையில் காட்டுச் சோளம் மழைக்காலத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, மழை முடியும் தறுவாயில் காற்றில் சாய்ந்து காய்கிறது. பின்னர் தீ வருகிறது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு போன்ற அடிக்கட்டையிலிருந்து மரங்கள் மீண்டும் துளிர்க்கின்றன.

திருத்தணிக் குன்றுகளில்

திருத்தணியைச் சுற்றிய குன்றுகளின் இயற்கைத் தாவரம் முட்புதர்க்காடு. பார்ப்பவர் இதை வெறும் புதர் என்று ஒதுக்கிவிடுவதுண்டு. உண்மையில் இதற்கும் அடுக்குகள் உண்டு. உசில், வெள்வேல், வேம்பு, வெட்பாலை ஆகியவை உயரமானவை. அவற்றின் கீழே காரை, சூரை, களா, விராலி, ஆவாரை. சீத்தாவும் காட்டுச்செடி போலவே பரவியுள்ளது. அது அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். பிரண்டை, குன்றிமணி, கோவை ஆகியவை புதர்மேல் படரும். தரையில் ஊசிப்புல்லும் சுக்குநாறிப்புல்லும் மழைக்குப் பின் எழும். சுனைகளையும் கணக்கில் சேர்க்கவேண்டும்: திருத்தணிச் சுனையில் இந்திரன் கருங்குவளையை வளர்த்ததாகத் தலபுராணம் கூறுகிறது.

இந்த அடுக்குகள் ஒன்றையொன்று வளர்க்கின்றன. வேப்பம்பழம் தின்ற பறவை காரைப்புதரில் அமர்ந்து விதையை விடுகிறது. முள்ளுக்குள் முளைக்கும் கன்றை ஆடு கடிக்க முடியாது. சில ஆண்டுகளில் கன்று புதரைத் தாண்டி மரமாகிறது. காரைப்புதரை வெட்டி எடுத்தால் அடுத்த தலைமுறை மரத்திற்கு வேலி இல்லை. ஆடுமாடு விரும்பாத விராலியும் ஆவாரையும் மட்டும் ஒரு குன்றில் மிகுந்திருந்தால் அங்கே மேய்ச்சல் அளவு கடந்துவிட்டது என்று கொள்ளலாம்.

தோப்பில்

நீலகிரியில் தைலமரம் 1843இல் அறிமுகமானது. சமவெளியில் பெரும்பாலும் நடப்படுவது யூகலிப்டஸ் டெரடிகார்னிஸ் இனமும் அதன் கலப்புகளும். காகிதக்கூழுக்கும் கம்பங்களுக்கும் பயன்படுவதால் நெருக்கமாக நட்டு, சுமார் 5 முதல் 7 ஆண்டுகளில் வெட்டுகிறார்கள். நடுவதற்கு முன் நிலத்தை உழுது புதர்களை அகற்றுவதால் நடு அடுக்கு முதலிலேயே போய்விடுகிறது. நெருங்கி நிற்கும் வேர்கள் மேல்மண்ணின் ஈரத்தை எடுத்துக்கொள்கின்றன. எண்ணெய்ப்பசையுள்ள சருகு மெதுவாகவே மட்குகிறது. ஒளி கிடைக்கும் ஓரங்களில் உன்னிச்செடியும் சிறிது புல்லும் காணலாம்.

மரத்தை மட்டும் குறை சொல்வது சரியன்று. தன் நாட்டில் இதே பேரினம் மூன்று அடுக்குகளோடு வாழ்கிறது. இங்கே இல்லாதது இடைவெளியும் காலமும். ஆயினும் ஏரி, குளங்களின் நீர்ப்பிடிப்பில் இதை நெருக்கமாக நடுவதை ஏற்க முடியாது. கர்நாடக அரசு 2017இல் புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது.

வெட்டியதாலேயே தோப்பு மறைந்துவிடாது. கரும்பில் மறுதாம்பு வருவதுபோல அடிக்கட்டை துளிர்த்து, இரண்டு மூன்று வெட்டுகள் வரை பலன் தரும். தோப்பை மீண்டும் புதர்க்காடாக்க விரும்புவோர் அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்கவேண்டும், அல்லது துளிர்களைத் தொடர்ந்து ஒடிக்கவேண்டும். வரப்போரத்தில் காரையோ சூரையோ எஞ்சியிருந்தால் அதை வெட்டாமல் விடவேண்டும். பறவைகள் விதை கொண்டுவரும் இடம் அதுவே.