எடையை மட்டும் பார்க்கும் சட்டம்

புனே நகரின் எரவாடாப் பகுதியில் மத்திய சிறையும் முக்தாங்கண் போதை மறுவாழ்வு மையமும் ஒரே வட்டாரத்தில் அமைந்துள்ளன. அவற்றைச் சூழ்ந்த லட்சுமி நகர், ஜெய் ஜவான் நகர் முதலிய நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து போதைப்பொருள் வழக்கில் பிடிபடும் ஓர் இளைஞரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில், அவருடைய உடல்நிலையையும் குற்றத்தில் அவருக்கிருந்த பங்கையும்விட, அவரிடம் கைப்பற்றப்பட்ட பொட்டலத்தின் எடையே பெரிதாக நிற்கிறது. இந்த எடைக்கணக்கின் சுமை, நகரத்தின் மிகக் குறுகிய சந்துகளில் வாழ்வோர்மீதே அதிகமாக விழுகிறது.

1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், நீதிமன்றங்களில் என்டிபிஎஸ் என்ற சுருக்கப் பெயராலேயே வழங்குகிறது. தொடக்கத்தில் அது, கஞ்சா நீங்கலாகப் பெரும்பாலான பொருள்களுக்கு, பிடிபட்டவர் கடத்தல்காரரா கூலிக்குச் சுமந்தவரா என்று பாராமல் பத்தாண்டுச் சிறையைக் குறைந்தபட்சத் தண்டனையாக வைத்தது. குறைந்தபட்சத் தண்டனை என்பது, வழக்கின் சூழ்நிலை எவ்வளவு இரக்கத்துக்குரியதாக இருந்தாலும் நீதிபதி அதற்குக் கீழே இறங்க முடியாத எல்லை. இந்தக் கடுமையைத் தணிக்க முனைந்த 2001ஆம் ஆண்டுத் திருத்தம், சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு என மூன்று படிகளை வகுத்தது. கஞ்சாவில் ஒரு கிலோ சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு; ஹெராயினுக்கு இந்த எல்லைகள் 5 கிராம், 250 கிராம்; புனேயில் எல்லோரும் எம்டி என்று சொல்லும் மெஃபெட்ரோனுக்கு 2 கிராம், 50 கிராம். சிறிய அளவுக்கு ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் கட்டாயம்.

மெஃபெட்ரோனுக்கு இந்தப் படிகள் 50 கிராமோடு முடிந்துவிடுவதுதான் சிக்கல். 2024 பிப்ரவரியில் புனே காவல்துறை நகரில் தொடங்கி, தௌண்ட் வட்டத்தின் குர்கும்ப் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு தொழிற்சாலை வழியாக டெல்லி வரை தொடர்ந்த சோதனைகளில் 1,700 கிலோவுக்கும் மேற்பட்ட மெஃபெட்ரோனைக் கைப்பற்றியது. டன் கணக்கில் தயாரித்தவருக்கும், உள்ளங்கையில் அடங்கும் 51 கிராம் பொட்டலத்தை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குக் கொண்டுபோன பையனுக்கும் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்சத் தண்டனை ஒன்றே. கலப்படமும் சிறியவர்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது: 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொடியில் கலந்துள்ள வேறு பொருள்களின் எடையையும் சேர்த்தே அளவைக் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தெருவுக்கு வந்து சேரும் சரக்கில்தான் கலப்படம் மிகுதி என்பதால், வீரியம் குறைந்த பொடியை விற்கும் கடைசி ஆளின் கணக்கில் வெற்று மாவின் எடையும் ஏறிவிடுகிறது.

வீட்டின் பரப்பும் வழக்கின் போக்கை மாற்றுகிறது. பத்துக்குப் பத்தடி அறை ஒன்றில் தாயும் மூன்று பிள்ளைகளும் வாழும் இடத்தில், பரணில் இருந்த டப்பா யாருடையது என்ற கேள்விக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. ஒருவரிடம் போதைப்பொருள் இருந்ததை அரசுத் தரப்பு காட்டிவிட்டால், திருப்தியான விளக்கம் தரும் பொறுப்பை 54ஆம் பிரிவு அவர் தலையில் வைக்கிறது. குற்றம் நடப்பதை அறிந்தே தன் வீட்டைப் பயன்படுத்த விட்டவருக்கும் அக்குற்றத்துக்குரிய தண்டனையையே 25ஆம் பிரிவு விதிக்கிறது. தனித்தனி அறைகள் கொண்ட அடுக்ககத்தில் மகனின் அறைக்குள் இருந்ததைப் பெற்றோர் அறியவில்லை என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்துக்கு வேண்டிய சுவர்கூடக் குடிசையில் கிடையாது.

கைதுக்குப் பிந்தைய காலமே குடும்பங்களைக் குலைக்கிறது. வணிக அளவு வழக்குகளில், குற்றம் செய்யவில்லை என்று நம்பக் காரணமிருப்பதாகவும் இனிக் குற்றம் செய்ய மாட்டார் என்றும் நீதிபதி கருதினால் மட்டுமே ஜாமீன் தரலாம் என்கிறது 1989இல் நடைமுறைக்கு வந்த 37ஆம் பிரிவின் நிபந்தனை. விசாரணை தொடங்கும் முன்பே ஏறத்தாழ விடுதலைத் தீர்ப்புக்கு ஈடான ஒன்றை அது கோருகிறது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவும் இவ்வழக்குகளில் 180 நாள் அவகாசம் உண்டு. இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். எரவாடா சிறை தன் கொள்ளளவைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்டோரைச் சுமந்துவந்திருக்கிறது. தினக்கூலி ஈட்டியவர் உள்ளே போனதும் வாடகை நிற்கிறது, வட்டிக்குக் கடன் வாங்கி வழக்கறிஞருக்குக் கொடுக்கப்படுகிறது, மூத்த பிள்ளையின் படிப்பு நிற்கிறது. ஜாமீன் கிடைத்தாலும் சொத்துள்ள ஜாமீன்தாரர் அந்தச் சந்தில் எளிதில் கிடைப்பதில்லை. 2023 மார்ச்சில் முகமது முஸ்லிம் வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணை அளவுக்கு மீறி நீண்டால் 37ஆம் பிரிவு ஜாமீனுக்குத் தடையாகாது என்று கூறியதோடு, சிறைவாசம் ஏழைகளின் வேலையையும் குடும்பத்தையும் சிதைப்பதையும் சுட்டிக்காட்டியது. இத்துறையில் அண்மையில் வந்த தீர்ப்புகளுள் மனிதத்தன்மை மிக்க தீர்ப்பு அதுவே எனலாம்.

மகாராஷ்டிரத்தில் இதற்கு மேலும் அடுக்குகள் உண்டு. தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்துக்கு ஓராண்டு முந்தையதும் அதையொத்ததுமான 1981ஆம் ஆண்டுச் சட்டம், போதைப்பொருள் குற்றவாளி எனக் கருதப்படுபவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க அனுமதிக்கிறது. மகாராஷ்டிரக் காவல் சட்டத்தின்படி ஒருவரை இரண்டாண்டு வரை மாவட்டத்துக்கு வெளியே அனுப்பும் ‘தடிபார்’ ஆணையும் இருக்கிறது. 2025 ஜூலையில் மாநிலச் சட்டமன்றம், திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கான மோக்கா சட்டத்துக்குள் போதைப்பொருள் தயாரிப்பையும் விற்பனையையும் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்த நிலையில், காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கும் மோக்கா சட்டம் அதே குற்றங்களுக்கு வந்திருப்பது கவலைக்குரியது.

எம்டி விளைவிக்கும் கேடு உண்மையானது; அதன் விற்பனையால் முதலில் உருக்குலைவதும் இதே குடியிருப்புகளின் குடும்பங்களே. ஆனால் அதன் சந்தை நகரம் முழுவதும் பரந்தது என்பதை, 2024 ஜூனில் பெர்குசன் கல்லூரிச் சாலையின் மதுக்கூடம் ஒன்றில் போதைப்பொருள் பயன்படுத்தப்படுவதைக் காட்டுவதாகப் பரவிய காணொளியைக் கண்ட புனே நன்கு அறியும். எடை எல்லைகள் ஒரு பகுதியினரை மட்டும் நசுக்க முடியும் என்பதற்கு அமெரிக்கா சான்று: 1986ஆம் ஆண்டுச் சட்டம், பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழ்ந்த நகர்ப்பகுதிகளில் விற்ற ‘கிராக்’ கோகெய்ன் 5 கிராமுக்கும், வசதியானவர்கள் வாங்கிய பொடிக் கோகெய்ன் 500 கிராமுக்கும் ஒரே ஐந்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனையை வைத்தது. ஒன்றுக்கு நூறு என்ற அந்த விகிதத்தை ஒன்றுக்குப் பதினெட்டாகக் குறைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என்டிபிஎஸ் நடைமுறைக்கு வந்த மறு ஆண்டே, 1986இல், எழுத்தாளர் அனில் அவசட்டும் அவர் மனைவி டாக்டர் அனிதா அவசட்டும் முக்தாங்கணைத் தொடங்கினர்; பிரவுன் சுகர் இளைஞர்களை அழிப்பதைப் பற்றி அவசட் எழுதிய கட்டுரைகளைப் படித்து மனம் நொந்த மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே அதற்கு நிதியுதவி செய்தார். சிகிச்சைக்கான வழி சட்டத்துக்குள்ளும் இருக்கிறது: சிறிய அளவு வழக்கில் சிக்கியவர் போதைக்கு அடிமையானவராக இருந்து, தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்த முடியாது என்கிறது 64ஏ பிரிவு. ஆயினும் விதி சட்டக் கொள்கை மையம் பஞ்சாப் நீதிமன்றங்களின் 2013 முதல் 2015 வரையிலான வழக்குகளை ஆராய்ந்தபோது, அப்பிரிவால் பயன்பெற்ற ஒருவரையும் காண முடியவில்லை. அதே மையம் மும்பையின் 2017, 2018ஆம் ஆண்டு வழக்குகளை ஆராய்ந்ததில், சொந்தப் பயன்பாட்டுக்காகப் பிடிபட்டோரில் பெரும்பாலோர் தினக்கூலிகளாகவும் குடிசைகளிலோ தெருவோரத்திலோ வாழ்பவர்களாகவும் இருந்தது தெரியவந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு அன்றைக்கே வேலைக்குத் திரும்புவது அவர்களுக்கு எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஒப்புதல் பதிவேட்டில் தங்கி, அடுத்த முறை குற்றம் உறுதியானால் தண்டனையைக் கூட்டக்கூடும். முதல் நாள் ஆஜர்படுத்தும்போதே 64ஏ பிரிவைப் பிடிபட்டவருக்குப் புரியும் மொழியில் எடுத்துச்சொல்ல இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்றத்தில் நின்றால், சட்டத்தில் ஒரு சொல்லையும் மாற்றாமலேயே அவர்களில் பலரைச் சிகிச்சைக்கு அனுப்ப முடியும்.