கார் எஞ்சினும் காற்று வடிகட்டியும்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



உரத்தையும் விதையையும் பற்றிப் பேச வேண்டியவர் காரைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு முன் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துக்குத் தென்னை பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது தோட்டத்துக்காரர், "ஏனுங்க சார், மரத்துக்கு வைத்தியம் சொன்னீங்க. இந்தக் காருக்கு என்ன சீக்குன்னு கொஞ்சம் பாருங்க. காலையில ஸ்டார்ட் பண்ணினா நீலமாப் புகை தள்ளுது. ஆயில் ஊத்தி மாளலை" என்றார்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்னக் கார். விடிந்தால் பால் கேன், சந்தை நாளில் தக்காளிக் கூடை, திங்கட்கிழமை குழந்தைகள் பள்ளிக்கூடம் எல்லாம் அதில்தான். பானெட்டைத் திறந்து ஏர் பில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே பில்டரே இல்லை!

"அடைச்சுப் போயி இழுவை இல்லீங்க. எடுத்துப் போட்டு ஓட்டிப் பார்த்தேன், நல்லா இழுத்துச்சு. அப்படியே விட்டுட்டேனுங்க" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "போன ஆடிக்கு முன்னாடிங்க." ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்தப் பக்கத்து மண்ணை எப்படி வாரி இறைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புழுதி முழுவதும் ஒரு வருடமாக எஞ்சினுக்குள் போயிருக்கிறது.

எஞ்சின் பெட்ரோலை மட்டும் குடித்து ஓடுவதில்லை. அது குடிப்பதில் பெரும்பங்கு காற்றுதான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. கொள்ளளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. நம் தோட்டத்தில் கிடக்கிற 200 லிட்டர் பீப்பாய் கணக்கில் 45 பீப்பாய்! அவ்வளவு காற்றும் அந்த ஒரு காகித வடிகட்டி வழியாகத்தான் போக வேண்டும்.

காற்றில் வரும் தூசியில் பெரும்பகுதி மண். மண்ணில் இருப்பது வெங்கச்சங்கல்லின் பொடி. அரிவாள் தீட்டும் கட்டையில் அந்தக் கல்லைத் தூளாக்கித் தூவி இரும்பைத் தேய்ப்பது நம் ஊர் வழக்கம்தானே? இரும்பைவிட அது கடினமானது. அதனால்தான் இரும்பு தேய்கிறது. எஞ்சினுக்குள் போனாலும் அது அதே வேலையைத்தான் செய்யும். ஆயிலோடு கலந்து சாணை பிடிக்கிற பசை மாதிரி ஆகி, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும். அதிகக் கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசி. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் இருப்பது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற ஆயில் படலத்துக்குள் நுழையக் கூடிய அளவு அது. ரிங் தேய்ந்தால் ஆயில் மேலே ஏறி எரியும். நீலப் புகை அதனால்தான்.

அந்தத் தோட்டத்துக்காரருக்கு மெக்கானிக் ரிங்கு மாற்றி, போர் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சில நூறு ரூபாய் பில்டருக்குப் பதில் பல ஆயிரம். அதுவும் தக்காளி விலை விழுந்து கிடந்த நேரத்தில்.

அவரையே குறை சொல்லிக் கொண்டிருக்க எனக்கு உரிமை இல்லை. நானும் ஒரு தவறு செய்தவன். சொந்தக் கார் வாங்கிய புதிதில், சுத்தமாக வைத்திருக்கிறேன் பேர்வழி என்று மாதம் ஒருமுறை பில்டரைக் கழற்றி, பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய், கம்ப்ரசர் காற்றைக் கிட்டப் பிடித்து அடித்துக்கொண்டு வருவேன். ஒரு நாள் ஒரு மடிப்பின் ஓரத்தில் மயிரிழை அளவு கிழிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பின்னொரு நாள் மெக்கானிக் தம்பி பில்டருக்கு அந்தப் பக்கம், எஞ்சினுக்குப் போகிற ஓஸ் பைப்புக்குள் விரலை விட்டுத் துடைத்துக் காட்டினார். விரல் நுனியில் செம்மண் நிறம். "சார், நீங்க சுத்தம் பண்ணாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். சயன்ஸ் படித்தவனுக்கு அது வேண்டிய பாடம்தான்.

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் உண்மை: கொஞ்சம் தூசி படிந்த பில்டர், புதிய பில்டரைவிட நன்றாகத் தூசியைத் தடுக்கும். படிந்த தூசியே இன்னொரு சல்லடையாக நிற்கிறது. அளவுக்கு மேல் படிந்தால்தான் காற்று திணறும். ஆகவே பில்டர் கறுத்திருக்கிறது என்று பதற வேண்டாம். அழுக்கான பில்டர் இழுவையைக் குறைக்கும். ஓட்டையான பில்டர் எஞ்சினையே தின்றுவிடும்.

நம் விவசாயிகள் தவறு செய்வதற்கு ஒரு காரணம், மற்ற வடிகட்டிகளின் பழக்கம். சொட்டுநீர்ப் பாசன வடிகட்டியைக் கழுவிக் கழுவிப் போடுகிறோம். பழைய டிராக்டரின் ஏர் கிளீனரில் அடிக் கிண்ணத்தில் ஆயில் ஊற்றுகிறோம். தூசி அதில் விழுந்து சேறாகப் படிகிறது. இரண்டும் அதனதன் இடத்தில் சரி. காரில் இருப்பது மடிப்பு மடிப்பான காகிதம். அதைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் கூடாது. ஆயிலும் தடவக் கூடாது. நனைந்தால் காகிதத்தின் கண் அடைபடும் அல்லது கிழியும். மழை வெள்ளத்தில் ஓட்டி பில்டர் நனைந்துவிட்டது என்றால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தண்ணீர் உள்ளே போயிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

இனி, மாற்றுவது எப்படி? இதற்கு மெக்கானிக் தேவையில்லை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பானெட்டுக்குள் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். ஒரு கொம்பு போன்ற குழாய் அதற்குள் காற்றைக் கொண்டுவரும், ஒரு பருத்த ஓஸ் எஞ்சினுக்குப் போகும். மூடியைக் கிளிப்போ ஸ்க்ரூவோ பிடித்திருக்கும். திறப்பதற்கு முன் மூடிமேல் இருக்கிற புழுதியைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே உள்ளே விழும். பழைய பில்டரைத் தட்டாமல் மெதுவாக எடுங்கள். உடனே எஞ்சின் பக்கத்து வாயில் சுத்தமான துணியை வைத்து மூடிக்கொண்டு, பெட்டியின் அடியில் கிடக்கும் சருகு, பூச்சி, மண்ணை ஈரத்துணியால் துடையுங்கள். காற்றடித்து ஊதக் கூடாது.

அடுத்துச் செய்ய வேண்டியதுதான் முக்கியம். எஞ்சினுக்குப் போகிற ஓஸின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் எல்லாம் நலம். மண் ஒட்டினால் பில்டர் கிழிந்திருக்கிறது, அல்லது ரப்பர் ஓரம் சரியாக உட்காரவில்லை, அல்லது ஓஸ் வெடித்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஓட்டக் கூடாது. ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றிவிடுவது நல்லது.

புதிய பில்டரைப் பழையதன் பக்கத்தில் வைத்து நீளம், அகலம், உயரம் ஒன்றுதானா என்று பாருங்கள். ரப்பர் ஓரம் பள்ளத்தில் சுற்றிலும் படிய வேண்டும். வாயை மூடி வைத்த துணியை எடுக்க மறந்துவிடாதீர்கள்! பிறகு கிளிப்புகள் எல்லாவற்றையும் மாட்டுங்கள். "ஒரு கிளிப் உடைஞ்சா என்னங்க, மூணு இருக்குதே" என்று சொல்லக் கூடாது. அந்த மூலையில்தான் புழுதி நுழையும். கடைக்காரர் ஏ.சி. பில்டரை எடுத்துக் கொடுத்தாலும் கொடுப்பார். அது டேஷ்போர்டுக்குப் பின்னால், நம் மூச்சுக்கு இருப்பது. எஞ்சின் பில்டர் என்று சொல்லிக் கேளுங்கள்.

எப்போது மாற்றுவது என்பது காரோடு வந்த புத்தகத்தில் கிலோமீட்டர் கணக்கில் போட்டிருக்கும். அது தார் ரோட்டுக் கணக்கு. புழுதி ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு முன்னதாகவே மாற்ற வேண்டும் என்று அதே புத்தகம் சொல்லும். மண் பாதையில் தினமும் ஓடினால், கணக்கில் பாதியிலேயே மாற்றிவிடுவது என் வழக்கம். கதிரடிக்கும் காலத்தில், ரோட்டில் சோளத்தையும் கொள்ளையும் பரப்பி வண்டி ஏற்றுகிற இடங்களில், நடுவில் ஒருமுறை திறந்து பாருங்கள். (காய்ந்த தட்டை காரின் அடியில் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடிப்பதும் உண்டு. அது வேறு கதை.)

மாற்றினால் மைலேஜ் கூடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கார்புரேட்டர் வைத்த பழைய காரில் கூடும். காற்று குறைந்தால் அதில் பெட்ரோல் அதிகமாக இழுபடும். இப்போதைய இன்ஜெக்டர் கார்கள் காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோல் விடுகின்றன. 2009-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் சோதித்துப் பார்த்ததில், இவ்வகைக் கார்களில் அடைபட்ட பில்டரால் இழுவைதான் குறைந்தது, மைலேஜ் அல்ல. ஆகவே மைலேஜுக்காக மாற்றச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் நம்ப வேண்டாம். எஞ்சினுக்காக மாற்றுங்கள்.

கடைசியாக எலி. களத்து ஓரமாகவோ மாட்டுக் கொட்டகையிலோ நிறுத்துகிற காரில், காற்றுக் குழாய் வழியாக எலி ஏறி, பில்டர் பெட்டிக்குள் நெல்லும் கடலைத் தொப்பியும் சேர்த்து வைக்கும். காகிதத்தையும் கடித்துவிடும். ஒரு வாரம் ஓட்டாமல் நிறுத்தியிருந்தால், எடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பெட்டி மூடியின் மேலேயே ஒட்டி வையுங்கள்.