மணலும் மணித்துளியும்

“நாளை முதல் தொடங்குகிறேன்” என்று சொல்லாத நா உலகில் அரிது. மாணவன் பாடத்தைப் பற்றிச் சொல்கிறான். வணிகன் கணக்கைப் பற்றிச் சொல்கிறான். வீட்டுத் தலைவன் சேமிப்பைப் பற்றிச் சொல்கிறான். அவர்கள் பொய் சொல்வதில்லை. தமக்கு எது தலையாய பணி என்பதை நன்கு அறிந்தே சொல்கிறார்கள். ஆனால், நாளை வரும்பொழுது தனியாக வருவதில்லை. நூறு சில்லறை வேலைகளையும் உடன் அழைத்துக்கொண்டு வருகிறது. அவற்றை முடித்து நிமிர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. தலையாய பணி மறுபடியும் ஒரு நாள் தள்ளிப் போகிறது.

மனவுறுதி குறைவுதான் இதற்குக் காரணம் என்று பலர் கூறுவர். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. பெரிய பணிகளை நடத்திச் செல்வது ஒரு நாளில் பொங்கி எழும் உறுதியைவிட, முன்னேற்பாடும் அன்றாடச் சிறு முயற்சியுமே ஆகும். இதை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகமும் அதற்கு வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் கரையும் போதும்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. முற்காலத்தில் கப்பல்கள் கடலில் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள், ஆட்களையும் சரக்கையும் அலைகளினூடே கரை சேர்க்கும். இந்த இடர்ப்பாடு நீங்கவே கடலுக்குள் கற்சுவர்கள் எழுப்பித் துறைமுகம் அமைக்க 1875-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12 அன்று வீசிய புயல் அச்சுவர்களைச் சிதைத்துவிட்டது. மக்கள் அஞ்சியதும், ஏடுகள் பேசியதும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

ஆயினும், புயல் சிதைத்ததை மீண்டும் கட்டிவிட முடிந்தது. ஓசையின்றி வந்த மற்றோர் எதிரியை விரட்டுவதே கடினமாயிற்று. அது மணல். இக்கரையில் ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதங்கள் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. எஞ்சிய மாதங்களில் சிறிதளவு திரும்பி வருகிறது. குறுக்கே சுவர் எழுந்தவுடன் வடக்கே செல்ல வேண்டிய மணல் தென்புறத்தில் தங்கத் தொடங்கியது. ஒவ்வோர் அலையும் கொண்டுவந்தது ஒரு பிடிதான். அந்தப் பிடிமணலே ஆண்டுகள் பல கடந்தபின் மெரினாக் கடற்கரையை இன்றைய அகலத்திற்கு விரித்தது. கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயிலையும் அது விட்டுவைக்கவில்லை. வாயில் தூர்ந்து வந்ததால், அதனை மூடி வடகிழக்கே புதுவாயில் திறக்க நேர்ந்தது. அந்த மாற்றத்தை நடத்தியவர் 1904-இல் துறைமுகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற பொறியியல் அறிஞர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். மணல் நகரும் வழியை ஆராய்ந்து கட்டுரை எழுதியவரும் அவரே.

இதே ஸ்பிரிங்கின் அலுவலகத்தில், 1912 மார்ச் 1 அன்று, இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அவர்தாம் சீனிவாச இராமானுஜன். கல்லூரித் தேர்வில் தவறியவர், மணமானவர், பிழைப்புக்கு ஒரு வேலை இன்றியமையாதவர். கணிதமே அவருடைய தலையாய பணி. ஆனால், பகற்பொழுது துறைமுகக் கணக்கிற்கு உரியது. அப்பொழுது அவர் என்ன செய்தார்? வேலையை உதறவும் இல்லை. கணிதத்தை ஓய்வுக்காலத்திற்கு ஒத்திவைக்கவும் இல்லை. அலுவலுக்கு முன்னும் பின்னும் கிடைத்த மணித்துளிகளைக் கணிதத்திற்கென ஒதுக்கினார். அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். இருவரும் இரவில் பலகையும் குச்சியுமாக அமர்ந்து கணக்கிட்டனர். தாள் விலை மிகுந்தது. ஆதலால் செய்முறையெல்லாம் பலகையில் எழுதி அழிக்கப்பட்டது. முடிவு மட்டும் குறிப்பேட்டில் ஏறியது.

அந்தக் குறிப்பேடுகளைச் சற்றுக் கவனியுங்கள். அவை துறைமுக வேலைக்கு முன்பே தொடங்கியவை. பள்ளிப் பருவத்தில், 1903-இல், கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. நிறுவல்கள் பெரிதும் சுருக்கப்பட்டு, முடிவுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்ட நூல் அது. அவற்றைத் தாமே நிறுவிப் பார்ப்பதும், புதியன கண்டு எழுதி வைப்பதும் அவர் வழக்கமாயின. எனவே, 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுத அமர்ந்தபொழுது, அவர் புதிதாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. பத்தாண்டுச் சேமிப்பிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகளைத் தெரிந்தெடுத்தார். முன்னர் வேறு அறிஞர்களுக்கு எழுதியவை பயன் தரவில்லை; இக்கடிதம் பயன் தந்தது. அதே ஆண்டு மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17 அன்று, தாம் கணக்கெழுதிய துறைமுகத்திலிருந்தே அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வாய்ப்பு ஒரு நாளில் வந்தது. அதை ஏற்கும் ஆயத்தமோ பத்தாண்டுகளில் சேர்ந்தது.

இவ்வளவோடு பேச்சை நிறுத்திவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். மணலின் கதைக்கு மறுபாதி உண்டு. தெற்கே தங்கிய மணல் வடக்கே போய்ச் சேரவில்லை அல்லவா? மெரினா விரிய விரிய, இராயபுரம் தேய்ந்தது. அரிப்பு காசிமேடு கடந்து திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கமும் பரவியது. மீனவர் குடியிருப்புகளில் வீடுகளையும் தெருக்களையும் கடல் கொண்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் செல்லும்பொழுதெல்லாம், கரை நெடுகக் கொட்டப்பட்டிருக்கும் கருங்கற்களையும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளையும் நான் பார்க்கிறேன். ஓரிடத்தில் நாள்தோறும் சேர்வது மற்றோரிடத்தில் நாள்தோறும் குறைவது என்பதை அக்கற்கள் எனக்கு நினைவூட்டுகின்றன.

மனித வாழ்விலும் இதுவே நிகழ்கிறது. ஒன்றன்மீது வைக்கும் கவனம் மற்றொன்றிலிருந்து எடுக்கப்பட்டதே. இங்கிலாந்தில் இராமானுஜனுக்கு உணவும் உறக்கமும் ஒழுங்கு தப்பின. போர்க்காலம் வேறு, மரக்கறி உணவு கிடைப்பது அரிதாயிற்று. 1917-இல் நோய் பற்றியது; 1918-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினர் என்னும் பெருமை கிட்டியது; 1920 ஏப்ரல் 26 அன்று, முப்பத்திரண்டு வயதில், சென்னையில் உயிர் பிரிந்தது. நோய்க்குக் காரணம் இதுதான் என்று அறுதியிட நான் மருத்துவன் அல்லன். ஆயினும், மேன்மையான பணிக்கும் உடல் என்னும் கரை வேண்டும் என்பதில் ஐயமில்லை.

இந்தச் சமநிலையைக் காசிமேட்டு மீனவர்களிடம் காணலாம். விசைப்படகு புறப்படுமுன் பனிக்கட்டி, டீசல், குடிநீர், அரிசி, வலை ஆகிய அனைத்தும் கரையிலேயே சரிபார்க்கப்படுகின்றன. நடுக்கடலில் வலை கிழிந்திருப்பதைக் கண்டு பயனில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது. வருவாய் குறையும் துன்பக்காலம் அது. மீன்வளம் பெருகுவதற்கென ஏற்பட்ட அந்த இடைவெளியை அவர்கள் படகைப் பழுதுபார்க்கவும், வண்ணம் பூசவும், வலை பின்னவும் பயன்படுத்துகிறார்கள். ஓய்வும் ஆயத்தமும் அங்கே ஒன்றாகின்றன.

ஆகவே, நம் போன்றோர் செய்யக்கூடியது எளிது. தலையாய பணி ஒன்றைத் தேர்ந்து, அதற்கென ஒரு நாளில் அரை மணி நேரத்தையேனும் குறித்து வைக்கலாம். அந்த நேரத்திற்கு வேண்டிய நூலையும் தாளையும் முந்திய இரவே எடுத்து வைத்தால், காலையில் தேடுவதில் பொழுது கழியாது. அன்று செய்த சிறிதையும் ஒரு வரியில் எழுதி வைக்கலாம். வாரம் ஒருமுறை மற்றொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த அரை மணி எதிலிருந்து வந்தது? வீண் பேச்சிலிருந்து வந்ததாயின் மகிழலாம். உறக்கத்திலிருந்தோ, குழந்தையோடு பேசும் நேரத்திலிருந்தோ வந்ததாயின், அந்தக் கரையில் இப்பொழுதே கல் அடுக்கத் தொடங்க வேண்டும். கடல் உள்ளே புகுந்தபின் அடுக்குவதைவிட அது எளிது.