டேலியா ஒரு சஞ்சலக்காரியா?

உதகமண்டலத்தில் மே மாதம் நடக்கும் மலர்க் கண்காட்சிக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், தொட்டி தொட்டியாக அடுக்கி வைத்திருக்கும் டேலியா புஷ்பங்களின் முன்னால் ஒரு நிமிஷமாவது நின்றிருப்பீர்கள். ஒரு முறை அங்கே என் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "வாசனை கிடையாது, தொடுக்கவும் முடியாது, தலையில் வைத்தால் தலையே தெரியாது! இந்தப் பூவினால் என்னடி பிரயோஜனம்?" என்று மகளைக் கேட்டாள்.

"ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஓர் அர்த்தம் இருக்கிறதாம், அம்மா!" என்றாள் மகள்.

அந்த அர்த்தத்தைத் தேடிப் பார்ப்போமே என்று புறப்பட்டேன். முதலில் அகப்பட்டது ஒரு வசவு! 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் 'மலர்களின் மொழி' என்று ஒரு மோகம் பரவியிருந்தது. வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருக்கும் சேதியைப் பூச்செண்டு மூலம் தெரிவிப்பார்கள். எந்தப் பூவுக்கு என்ன பொருள் என்று அகராதிகளே வெளிவந்தன. கேட் கிரீன்அவே என்ற பெண் சித்திரக்காரர் 1884-ல் தயாரித்த அத்தகைய புத்தகத்தில், டேலியாவுக்கு நேரே போட்டிருக்கும் பொருள், 'நிலையின்மை'. அதாவது சஞ்சல புத்தி!

இன்றைய மேல்நாட்டுப் பூக்கடைக்காரர்களோ நேர்மாறாகச் சொல்கிறார்கள். டேலியா என்றால் கண்ணியமாம், நீடித்த பந்தமாம். கல்யாணச் செண்டிலும் அதைச் சேர்க்கிறார்கள். இரண்டில் எது நிஜம்?

டேலியாவின் ஜாதகத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அதன் பிறந்த வீடு மெக்ஸிகோ தேசத்து மலைகள். 1789-ல் அங்கிருந்து ஸ்பெயினிலுள்ள மாட்ரிட் நகரின் ராஜாங்கத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் காலமான ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவர நிபுணரின் ஞாபகமாக, 1791-ல் கவனில்யெஸ் என்ற ஸ்பானிஷ் அறிஞர் அதற்கு டேலியா என்று பெயர் சூட்டினார். கிழங்கைச் சமைத்துப் பார்த்தார்கள், ருசி பிடிக்கவில்லை. பூ பிடித்துப் போயிற்று! பிறந்த வீடும் பெண்ணை மறக்கவில்லை. 1963-ல் மெக்ஸிகோ அதைத் தன் தேசிய மலராக அறிவித்தது.

மாட்ரிடுக்கு வந்த ஒரு சில ரகங்கள் இன்று ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன. காரணம் என்ன தெரியுமா? பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் நம் உடலில் இரண்டு தொகுதிகள். தோட்டத்து டேலியாவிலோ எட்டு! எனவே விதை போட்டால் என்ன முளைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாய் மஞ்சளாக இருப்பாள். ஒரு குழந்தை சிவப்பு, இன்னொன்று ரோஜா வர்ணம், மற்றொன்று இரட்டை நிறம்! சஞ்சலக்காரி என்ற பட்டம் பொருந்தத்தான் செய்கிறது.

ஆனால் கிழங்கைப் பிரித்து நட்டுப் பாருங்கள். இம்மியும் பிசகாமல் தாயே திரும்பி வருவாள். கருமை பாய்ந்த இலைகளுக்கு நடுவே செக்கச் செவேலென்று பூக்கும் 'பிஷப் ஆஃப் லாண்டாஃப்' என்ற ரகம் 1920-களில் வேல்ஸ் பிரதேசத்தில் தோன்றியது. நூறு ஆண்டு ஆகியும் அதே இலை, அதே சிவப்பு! ஆக, விதையில் சஞ்சலம், கிழங்கில் சத்தியம். இரண்டு கட்சியும் ஜயித்து விட்டன.

இனி ரகங்களைப் பார்க்கலாம். டேலியா நம் சாமந்திக்கு உறவு. ஒரு பூ என்று நாம் நினைப்பது உண்மையில் பல சிறு பூக்கள் கூடிய சபை. 'பாம்பன்' ரகம் இரண்டு அங்குலத்துக்கு உட்பட்ட பந்து; இதழ் ஒவ்வொன்றும் சுருட்டிய வெற்றிலை போலிருக்கும். 'டெகரேடிவ்' ரகத்துக்கு அகன்ற இதழ்கள்; அதில் பெரியவை பத்து அங்குலத்தையும் தாண்டிச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரியும். 'காக்டஸ்' ரகத்தின் இதழ்கள் பின்புறமாகச் சுருண்டு ஊசி போல் நீளும். 1872-ல் மெக்ஸிகோவிலிருந்து ஹாலந்துக்கு வந்த பெட்டியில் எல்லாம் அழுகிப்போக, பிழைத்த ஒரே ஒரு கிழங்கின் சந்ததி அது!

வர்ணங்களுக்கு இன்று சொல்லப்படும் அர்த்தங்கள் இவை: வெள்ளை தூய்மை; சிவப்பு வலிமையும் காதலும்; ரோஜா நிறம் பரிவு; மஞ்சள் ஆனந்தம்; ஊதா கம்பீரம்; கறுப்பு துயரம். 'கறுப்பு' டேலியாவை வெயிலில் பிடித்துப் பாருங்கள், கருஞ்சிவப்பாகத்தான் தெரியும். நீல டேலியாவை மட்டும் தோட்டங்களில் காண முடியாது. 1946-ல் ஹாலிவுட்டில் 'நீல டேலியா' என்று ஒரு சினிமா எடுத்ததோடு சரி!

வீட்டில் வளர்க்க ஆசையா? மலைப் பிரதேசங்களில் சுலபம். சமவெளியில் குளிர் மாதங்களில்தான் செழிக்கும். கோடை வெயில் ஆகாது. உருளைக்கிழங்கைப் போல் கண்ட இடத்தில் வெட்டி நடக் கூடாது. தண்டோடு சேரும் கழுத்துப் பகுதியில்தான் முளைக் கண் இருக்கும். அது இல்லாத துண்டு முளைக்கவே முளைக்காது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். செடி ஒரு முழம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளி விடுங்கள். பக்கக் கிளைகள் நிறைய வரும். தண்டு உள்ளே கூடானது, ஆகையால் ஒரு குச்சி நட்டுக் கட்டுவது அவசியம்.

பூத்து ஓய்ந்த பிறகு மண்ணைக் கிளறினால், நட்ட ஒரு கிழங்கின் இடத்தில் ஒரு கொத்தே இருக்கும். அப்போதுதான் அந்த அம்மாளின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. டேலியாவைத் தொடுக்க முடியாதுதான், அம்மா. ஆனால் பங்கிட முடியும். ஒரு துண்டைக் கழுத்தோடு பிரித்துப் புக்ககம் போகும் உங்கள் பெண்ணிடம் கொடுத்தனுப்புங்கள். அடுத்த பருவத்தில் இரண்டு வீட்டு வாசலிலும் ஒரே பூ பூக்கும். எந்த அகராதியும் அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.