அரிசி டிரம்முக்குள் ஒரு பென்சில்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் உலை வைப்பதற்காக அரிசி எடுக்கப் போனேன். ஆழாக்கு எதிலோ இடித்தது. கையை விட்டுத் துழாவினால் ஒரு பென்சில். இன்னும் துழாவினால் இன்னொரு பென்சில், கூடவே ஒரு ஷார்ப்னர். பேரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அது தூங்குது அப்பத்தா, எழுப்பாத” என்றான்.

அப்போது அவனுக்கு மூன்றே முக்கால் வயது. எல்.கே.ஜி. சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நின்ற கோடு ஒரு பக்கம், படுத்த கோடு ஒரு பக்கம், ஒன்றிலிருந்து ஐம்பது வரை ஒரு பக்கம் என்று தினமும் வீட்டுப்பாடம் வரும். விளக்கு வைக்கிற நேரத்தில் மருமகள் அவன் கையைத் தன் கைக்குள் பிடித்து எழுதவைப்பாள். முதலில் அவன் அழுவான். பக்கம் முடியும்போது அவளும் அழுதுகொண்டிருப்பாள். பென்சில் அரிசிக்குள் போனது அப்படித்தான்.

நான் அவற்றை வெளியே எடுக்கவில்லை. மறுநாள் வகுப்பு ஆசிரியையைப் போய்ப் பார்த்தோம். தை வரைக்கும் இவனுக்கு எழுத்து வேலை வேண்டாம், வீட்டில் நாங்கள் வேறு விதமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். அவருக்கு அரை மனதுதான், ஆனாலும் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு வீட்டில் என்னென்ன செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். மூன்று வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம். கடைக்குப் போய் வாங்க வேண்டியது என்று அநேகமாக எதுவும் இல்லை.

பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பிள்ளையின் கையைப் பற்றி. மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் இறுகி எலும்பாகும். மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று எலும்புதான் தெரியும். கடைசி எலும்பு தெரிய எட்டு வயதுக்கு மேலும் ஆகலாம். பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சியைக் கணக்கிட டாக்டர்கள் கையை எக்ஸ்ரே எடுப்பது இதனால்தான். எலும்பு மட்டுமா? விரல்களின் சிறு தசைகளுக்கு வலு ஏற வேண்டும், கண் பார்த்த இடத்துக்குக் கை போய்ப் பழக வேண்டும். அந்தப் பிஞ்சுக் கையில் ஒல்லிப் பென்சிலைக் கொடுத்து, நாலு கோட்டு நோட்டின் சந்துக்குள் எழுது என்பது, தத்தித் தத்தி நடக்கிற பிள்ளையை வயல் வரப்பில் ஓடச் சொல்வது போல.

விரலுக்கு வலு ஏற வேலை வேண்டும். எங்கள் வீட்டில் அது மொச்சையில் தொடங்கியது. பிதுக்குப் பருப்புக் குழம்பு வைப்பதற்காக இரவே காய்ந்த மொச்சையை ஊறப் போட்டிருந்தேன். காலையில் தோல் தளர்ந்து பளபளவென்று இருந்தது. அவனை முற்றத்தில் உட்காரவைத்து, ஒரு கிண்ணத்தில் மொச்சையும் ஒரு கிண்ணம் காலியாகவும் வைத்தேன். நகத்தால் ஒரு ஓரத்தைக் கீறிவிட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வரும். முதல் பருப்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நசுக்கிவிட்டான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, தோலிலிருந்து குதித்துப் போய்ச் சுவரில் பட்டுத் தெறித்தது. அவ்வளவுதான். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, வாயே திறக்காமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அத்தனை நேரத்தில் பதினோரு பருப்பு. ஒரு வாரத்தில் இரண்டு கை வேலை ஒரு கை வேலையாயிற்று. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரல் கீழே தாங்கியது. நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போவதும் அந்த மூன்று விரல்கள்தானே.

பூண்டு உரிப்பது, கறிவேப்பிலை உருவுவது, கொடியில் காயும் துணிக்குக் கிளிப் மாட்டுவது, சப்பாத்தி மாவில் உருண்டை பிடிப்பது, கர்ச்சீப்பை நான்காக மடிப்பது எல்லாம் இதே வரிசைதான். ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். அவன் செய்த வேலை வீட்டுக்கு உதவ வேண்டும். அவன் உரித்த பூண்டு குழம்பில் கிடக்க வேண்டும், அதைத் தட்டில் தேடி எடுத்து “இது நான் உரிச்சது” என்று அவன் காட்ட வேண்டும். அவனுக்கென்று தனியாக இரண்டு பல் கொடுத்து, செய்து முடித்ததும் ஓரமாகப் போட்டுவிட்டால் மறுநாள் வரமாட்டான். பிள்ளைகளுக்கு நிஜ வேலைக்கும் ஒப்புக்குக் கொடுத்த வேலைக்கும் வித்தியாசம் தெரியும்.

இதைக் கண்டுகொண்டு ஒரு கல்வி முறையாகவே ஆக்கியவர் மரியா மாண்டிசோரி. 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தொடங்கிய பள்ளியில், கை கழுவுவது, தரை பெருக்குவது, தட்டு வைப்பது, பட்டன் போடுவது எல்லாமே பாடம். பெரியவர்கள் செய்கிற வேலையைத் தாங்களும் செய்யவே பிள்ளைகள் ஏங்குகிறார்கள் என்பதை அங்கே பார்த்தார். அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர் மூண்டு, இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால் ஊர் திரும்ப முடியாமல், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கி, 1946 வரை இங்கேயே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் நடந்த மண்ணில், அவர் பெயரையே பெயர்ப்பலகையில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்து வீட்டுப்பாடம் கொடுக்கும் இடங்கள் இருப்பது எனக்கு ஆறாத வருத்தம். நம் அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்குப் பெயரே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’. கட்டணம் வாங்காத இடத்தில் இருக்கிற இந்தத் தெளிவு கட்டணம் கட்டுகிற இடத்தில் ஏன் இல்லை?

எழுத்துக்கு வருவோம். பென்சில் தூங்குகிற அதே அரிசியில்தான் எழுதவும் ஆரம்பித்தோம். விஜயதசமியன்று தாம்பாளத்தில் நெல்லையோ அரிசியையோ பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோம்; மறுநாளே நோட்டுக்கு மாறிவிடுகிறோம். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அப்படியில்லை. மாதக்கணக்கில் மணல்தான் சிலேட்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மூர்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போன அந்த மணல் தட்டை நாம்தான் கைவிட்டுவிட்டோம்.

வீட்டில் மணலுக்குப் பதில் ரவை போதும். விளிம்புள்ள தாம்பாளத்தில் அடி லேசாகத் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகப் பரப்புங்கள். கனமாகப் பரப்பினால் கோடு மூடிக்கொள்ளும். தப்பு வந்தால் தட்டை ஒரு ஆட்டு ஆட்டினால் போயிற்று. அழித்த தடமோ சிவப்பு மையோ கிடையாது. அவன் அழாமல் எழுதிய முதல் இடம் அந்தத் தாம்பாளம்தான்.

எந்த எழுத்தில் தொடங்குவது? அகர வரிசை பாடுவதற்குச் சரி. கைக்கு ‘அ’ கடினம். ஒரு முறை எழுதிப் பாருங்கள்: சுழி, வளைவு, குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு. ‘இ’ அதைவிடச் சிக்கல். ஆனால் ‘ட’ என்பது மேலிருந்து இறங்கி வலப்பக்கம் திரும்பும் ஒரே கோடு. அதை மேலே ஏற்றினால் ‘ப’. அதன் வலது காலைச் சுழித்தால் ‘ம’. இந்த மூன்றோடு ஒரு புள்ளியும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். உயிரெழுத்து பன்னிரண்டையும் முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று காத்திருந்தால் பிள்ளை ஒரு சொல்லைப் படிக்க எத்தனை மாதம் ஆகும்! வாசலில் சாக்பீஸால் புள்ளி வைத்துக் கொடுத்தால் கோடு இழுத்துச் சேர்ப்பது இன்னும் நல்லது. அதில் தோளிலிருந்து விரல் வரை மொத்தக் கையும் வேலை செய்யும்.

எண் விஷயத்தில் நாம் ஏமாந்துபோகிறோம். “நூறு வரைக்கும் சொல்லுவான்” என்று விருந்தாளி முன்னால் நிறுத்திச் சொல்லவைப்போம். அதே பிள்ளையிடம் “ஏழு ஸ்பூன் எடுத்துட்டு வா” என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கைப்பிடி வரும். பாட்டாகச் சொல்லும் எண் வேறு, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று எண்ணுவது வேறு. இரண்டாவதைக் கற்றுக்கொடுக்க ராத்திரிச் சாப்பாட்டைவிட நல்ல இடம் இல்லை. எங்கள் வீட்டில் ஐந்து பேர். தட்டு எடுத்து வைப்பது அவன் பொறுப்பு. முதலில் எண்ணத் தெரியாது. “தாத்தாவுக்கு ஒண்ணு, அப்பத்தாவுக்கு ஒண்ணு” என்று ஆளுக்கு ஒன்றாக வைத்தான். பிறகு அடுக்கிலிருந்தே ஐந்தை எண்ணி எடுத்து வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். ஐந்து தட்டோடு வந்தவன் நின்றான், எல்லோரையும் பார்த்தான், உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வந்தான். கூட்டல் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பரணில் பல்லாங்குழி இருந்தால் இறக்குங்கள். 14 குழி, குழிக்கு 5 காய் என்றால் 70 காய். ஆட்ட விதி எதுவும் இப்போது வேண்டாம். ஒரு குழியின் காயை அள்ளி அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனால் போதும்; விரலும் எண்ணும் ஒரே நேரத்தில் பழகும். ஆனால் காயாகக் குன்றிமணியைப் போடாதீர்கள். அது விஷ விதை. புளியங்கொட்டையோ சோழியோ எதுவானாலும், வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்கிற பழக்கம் போகும் வரை தரவே வேண்டாம். மூன்று வயதுக்கு மேல் என்றாலும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பயறு, கடலை பொறுக்கவிடும்போதும் இதே எச்சரிக்கைதான்.

குளிக்கிற நேரத்தில் ஒரு செம்பும் இரண்டு மூன்று டம்ளரும் கொடுங்கள். ஊற்றி ஊற்றி விளையாடுவான். குட்டையான டம்ளரிலிருந்து உயரமான டம்ளருக்கு ஊற்றியதும் “தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு” என்பான். திருத்தாதீர்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே சொன்னபடி, பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது பிள்ளைகளுக்குப் பிடிபட ஏறத்தாழ ஏழு வயது ஆகும். அது வரைக்கும் எவ்வளவு விளக்கினாலும் ஏறாது. ஊற்றிக்கொண்டே இருக்க விட்டால் போதும்.

எழுத்தைவிட முந்தியது காது. இதற்குப் பொருளே வேண்டாம், பஸ்ஸில் போகும்போது செய்யலாம். “ப-ன்னு ஆரம்பிக்கிறதா ஒண்ணு சொல்லு.” பால், பல்லி, பாட்டி... ஒருநாள் “பென்சில்” என்றான், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். சொல்லின் முதல் ஒலியைத் தனியாகப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பது எளிதாக வரும். கண்ணாடி முன் நின்று பல், பள்ளம், பழம் சொல்லி நாக்கு எங்கே போகிறது என்று பார்ப்பது எங்கள் வீட்டில் பெரிய விளையாட்டு. நாலு வயதில் ழ சரியாக வராவிட்டால் குறையில்லை, “பளம்” என்று அவன் சொன்னால் “ஆமா, பழம் இனிப்பா இருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுங்கள். சொல்லிக்காட்டிச் சிரிக்காதீர்கள்.

இரவில் ஒரு கதைப் புத்தகம். சென்னையின் தூளிகா பதிப்பகம் தமிழில் அழகான படப் புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. செல்போனில் நீங்கள் பார்த்து வாசியுங்கள், போனை அவன் கையில் கொடுக்க வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மூன்று, நாலு வயதில் ஓடியாடுவதற்கு 3 மணி நேரமும், உறக்கத்துக்கு 10 முதல் 13 மணி நேரமும் வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வீட்டுப்பாடத்துக்கு இடம் எங்கே?

வேலைக்குப் போகிற அம்மாக்கள் “இதுக்கெல்லாம் நேரம் ஏது?” என்று கேட்பார்கள். என் மருமகளும் கேட்டாள். தனியாக நேரம் ஒதுக்கினால் முடியாது. ஏற்கெனவே நடக்கிற வேலையில் பிள்ளைக்கு ஒரு ஓரம் கொடுத்தால் முடியும். அவன் கை வைத்தால் பத்து நிமிட வேலை இருபது நிமிடமாகும் என்பது உண்மை. அதனால் அவசரமான காலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் சாயங்காலத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் தள்ளினோம். ரவை சிந்தும். சின்னத் துடைப்பம் ஒன்றையும் அவனுக்கே கொடுத்துவிட்டோம்.

மார்கழியில் ஒரு காலை, தை பிறக்கும் முன்பே, அவனே டிரம்மைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்தான். கிழித்துப் போட்ட நாட்காட்டித் தாளின் பின்பக்கம் வாசல் கோலத்தைப் பார்த்துப் புள்ளி வைத்தான், ஏழெட்டுக் கோடு இழுத்தான், கீழே ‘பட்டம்’ என்று எழுதினான். ஒரு ‘ட’ திரும்பி நின்றது. நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். இரண்டாவது பென்சில் இன்னும் அரிசிக்குள்தான் இருக்கிறது. அது இன்னும் எழுந்திருக்கவில்லையாம்.